இரண்டு கை வேலை

தம்போயில் அந்த வெள்ளை வேன் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றால் முதலில் ஓட்டுநர் பக்கத்துக் கதவுதான் திறக்கும். கஸ்தூரி இறங்குவாள். வீட்டுக்காரர்கள் அவளைத் தாண்டி வேனுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். "பைப்பு செய்யறவரு வரலையா?" என்பார்கள். அந்தக் கேள்வி அவளுக்குப் பழகிப்போயிருந்தது. வேனைச் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து, கணவன் கனகராஜ் இறங்கத் தோள் கொடுப்பாள். அவர் தரையில் காலை ஊன்றி நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க ஒழுகுது?" என்று கேட்ட பிறகுதான் அவர்களுக்கு நம்பிக்கை வரும்.

கனகராஜுக்குப் பக்கவாதம் வந்தபோது கஸ்தூரி செனாயில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். மின்னணுத் தகடுகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வேலையை அவரைக் கவனித்துக்கொள்வதற்காக விட்டாள். அவருக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, காலும் தடியின் உதவியோடு திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. எதையும் பிடிக்காது.

மகள் லோஷினி சிங்கப்பூரில் வேலை செய்தாள். விடியும் முன்பே எல்லைப் பாலத்தைக் கடந்து போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள். "அப்பா வீட்டுலயே இருக்கட்டும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஆனால் வீட்டில் இருக்கிற கனகராஜைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் கஸ்தூரிதான். தொலைக்காட்சி ஓடும், அவர் அதைப் பார்க்கமாட்டார். பழைய வாடிக்கையாளர்கள் அழைத்தால் போனை எடுக்காமல் அது அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் எடுத்துவிட்டார். யார் வீட்டிலோ சமையலறைக் குழாய் வெடித்துத் தண்ணீர் கூடம் வரைக்கும் வந்துவிட்டதாம். வாய் பழக்கத்தில் "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு மனைவியைப் பார்த்தார்.

கஸ்தூரி வேன் சாவியை எடுத்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் அளந்து அறுப்பாள், அறுத்த விளிம்பில் நிற்கும் பிசிறைச் சீவுவாள். பைப்பின் முனையிலும் அது நுழையும் சொக்கெட்டின் உட்புறத்திலும் கனகராஜ் இடது கையால் மருந்து பூசுவார். எல்லாரும் அதைக் கம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது வெறுமனே ஒட்டுகிற பசை இல்லை. பிவிசியின் மேல்தோலைக் கரைத்து இளக்கிவிடும். இளகிய இரண்டு தோல்களும் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு இறுகும். அதனால் அவர் பூசி முடித்த கணமே அவள் உள்ளே செருகி, ஒரு கால் சுற்றுத் திருப்பி, அழுத்திப் பிடிக்கவேண்டும். உடனே விட்டால் பைப்பு மெல்லப் பின்னால் நழுவி வரும். "விடாத... விடாத..." என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, "ம், விடு" என்பார் கனகராஜ்.

அவர் கைக்குத் தெரிந்தது நிறைய. அழுத்தத்தோடு வரும் தண்ணீரைத் தாங்கும் கனத்த பைப்பு எது, கழிவுநீர் வழிந்து ஓட மட்டும் ஆகிற மெல்லிய பைப்பு எது என்று நகத்தால் தட்டியே சொல்லிவிடுவார். அவள் கண்ணுக்குத் தெரிந்ததும் கொஞ்சமில்லை. அவர் நன்றாக இருக்கிறது என்று எடுத்து வைத்த எல்போ என்கிற வளைவுத் துண்டைத் திருப்பிப் பார்த்து, முடி போல ஓடும் கீறலைக் காட்டி ஒதுக்கிவிடுவாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

வண்டி பழுதுபார்க்கும் பட்டறைகள் இருந்த வரிசையில் லியாக்கத் அலி பாயின் சாப்பாட்டுக் கடை. மதியம் பட்டறை ஆட்கள் எல்லாம் அங்கேதான். எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த தட்டுகளைக் கழுவ அவர் புதிதாக ஒரு சுடுநீர்க் கொதிகலன் வாங்கினார். அதை மாட்ட வந்த ஆள், சுவரில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த, பச்சைத்தண்ணீருக்கான பிவிசி பைப்பிலேயே இணைத்துவிட்டுப் போய்விட்டான். சில வாரங்களில் ஒரு எல்போவில் சொட்டியது. கனகராஜும் கஸ்தூரியும் போய் எல்போவை மாற்றினார்கள். மறுபடி போனபோது பைப்பே நடுவில் துணி காயப்போடும் கொடி மாதிரித் தொய்ந்திருந்தது. சுவரில் கூடுதலாகக் கிளிப்புகள் அடித்து நிமிர்த்தினார்கள்.

முதல் தடவை எல்போ வாங்கப் போனபோதே கடையில், சுடுதண்ணீருக்கென்றே இருக்கும் பிபிஆர் பைப்பைக் கடைக்காரர் காட்டினார். பச்சை நிறம், கனத்த சுவர், நெடுகச் சிவப்புக் கோடு. இதற்குக் கம் கிடையாது. மெசினில் சுட்டு ஒட்டவேண்டும் என்றார். வேனில் திரும்பும்போது கஸ்தூரி அதைப் பற்றிச் சொன்னாள்.

"அதெல்லாம் நமக்கு வேணாம்" என்றார் கனகராஜ். சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கத் தொடங்கினார். புதிதாக எது வந்தாலும் முகம் சுளிக்கிற வயது என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கூட்டம் வந்து உட்கார்ந்த நேரத்தில், அந்த எல்போ கழன்று தெறித்தது. தட்டு கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பாயின் மனைவி பரக்கத் நிஷாவின் முன்கை முழுக்கக் கொதிதண்ணீர் கொட்டிவிட்டது.

கஸ்தூரி தனியாகப் போய்ச் சேர்ந்தபோது பரக்கத் நிஷா கிளினிக்கிலிருந்து திரும்பியிருந்தாள். கையில் கட்டு. பின்கட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது தடவை, கஸ்தூரி" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவ்வளவுதான் சொன்னாள்.

லியாக்கத் அலிதான் இடையில் புகுந்தார். "அவங்க என்னா செய்வாங்க லா, பைப்பு அப்படி. தங்கச்சி, வேற எல்போ போட்டுக் கொடுத்துரு. நாளைக்குக் கடை தொறக்கணும்."

"பச்சைத்தண்ணி மட்டும் வர்ற மாதிரி செஞ்சுட்டுப் போறேன், பாய். சூட்டை நிறுத்திருங்க" என்றாள் கஸ்தூரி. "இந்தப் பைப்பு சுடுதண்ணிக்கு ஆகாது. உள்ளுக்குள்ள இளகிப்போயிடும். முதல் தடவையே நான் சொல்லியிருக்கணும்."

அன்று சாயந்திரம் வீட்டு முன்வாசலில் கனகராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பரக்கத் நிஷாவின் கையைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. "கடையில பாத்த பச்சைப் பைப்பு போட்டுறலாம்ங்க. கடைக்காரரு மெசினை வாடகைக்குத் தர்றேன்னாரு" என்றாள்.

"பாயை வேற யாரையாச்சும் கூப்பிட்டுக்கச் சொல்லு."

"ஏன்?"

"நமக்குத் தெரியாத வேலை."

"எனக்கு எல்லாமே தெரியாத வேலையாத்தான் இருந்துச்சு. நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?"

கனகராஜ், "அன்னிக்கு நீ சொன்னதுமே போன்ல வீடியோ போட்டுப் பாத்துட்டேன்" என்றார். "மெசினுக்கு இந்தப் பக்கம் பைப்பைத் தள்ளணும், அந்தப் பக்கம் எல்போவைத் தள்ளணும், ஒரே நேரத்துல. சூடானதும் ஒரே நேரத்துல இழுக்கணும். இழுத்த சூட்டோட சேர்க்கணும். அது ரெண்டு கை வேலை, கஸ்தூரி."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம் பூசுகிற வேலையில் ஒரு இடது கைக்கு இடம் இருந்தது. அந்த இடத்தில்தான் இத்தனை நாளும் அவர் நின்றுகொண்டிருந்தார். இந்த வேலையில் அது இல்லை. வேனில் அன்று வெளியே பார்த்துக்கொண்டு வந்தது எதற்காக என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. சாப்பாடு எடுத்து வைக்க உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் மெசினையும் கடையில் கிடந்த துண்டுப் பைப்புகளையும் வாங்கிவந்தாள். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பழகினாள். மெசின் என்பது கைப்பிடி வைத்த ஒரு சூட்டுத் தகடு. ஒரு பக்கம் குழிந்த கிண்ணம், மறுபக்கம் துருத்திய முனை. முதலில் சேர்த்தபோது பழக்கதோஷத்தில் கால் சுற்றுத் திருப்பிவிட்டாள். அது கோணிக்கொண்டு இறுகியது. இதைத் திருப்பக்கூடாது, நேராகத் தள்ளவேண்டும். அடுத்ததைத் திருப்பவில்லை; ஆனால் ரொம்ப நேரம் சூட்டில் வைத்துவிட்டாள். உருகிய மெழுகுவத்தியின் வாடை வந்தது.

சமையலறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கனகராஜ் நிற்பது தெரிந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது, நான்காவது என்று செய்துகொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் தடி சத்தம் கேட்டது. அவர் வந்து கீழே கிடந்த ஒரு துண்டைக் குனிந்து எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்துப் பிடித்தார்.

"உள்ள அடைச்சிருச்சு."

"தெரியும்."

"சூடு ஜாஸ்தி. ஆழமா வேற தள்ளிட்ட."

"தெரியும்ங்க."

அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கடைசியாகச் செய்துவைத்திருந்த துண்டைக் காட்டி, "இதை நீளவாக்குல ரெண்டா அறு" என்றார்.

"எதுக்கு? இது நல்லாத்தானே வந்திருக்கு?"

"உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்."

துண்டைத் தரையில் வைத்து அதன்மேல் தன் செருப்புக் காலை அழுத்தினார். கஸ்தூரி அறுத்தாள். இரண்டாகப் பிளந்ததும் ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொண்டார்கள். கனகராஜ் கட்டைவிரல் நகத்தால் வெட்டுமுகத்தைச் சுரண்டினார். எத்தனையோ பழைய பிவிசி இணைப்புகளை அறுத்துப் பார்த்தவர் அவர். எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும் பைப்பு எங்கே முடிகிறது, சொக்கெட்டு எங்கே தொடங்குகிறது என்று மெல்லிய ஒரு கோடு காட்டிவிடும்.

"கோடு எங்க?" என்றார்.

கஸ்தூரி தன் பாதியை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொழிற்சாலையில் தகடுகளைப் பார்த்த அதே பார்வை. "இல்லங்க" என்றாள்.

"நல்லாப் பாரு."

"இல்ல. ஒரே பைப்பா ஆயிருச்சு."

"அலமாக்" என்று வியந்தார் கனகராஜ், மெதுவாக. பக்கவாதம் வந்த பிறகு ஒரு பொருளை அவர் அப்படி ஆசையாகப் பார்த்து அவள் கண்டதில்லை. அந்தப் பாதித் துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "திங்கட்கிழமை பாய் கடை லீவுதானே? நானும் வர்றேன்" என்றார்.

திங்கட்கிழமை பழைய பைப்பை முழுக்கக் கழற்றினார்கள். கொதிகலனிலிருந்து தொட்டிவரை புதுப் பைப்பு எந்த வழியாகப் போகவேண்டும் என்று கனகராஜ் இடது கையால் பென்சிலில் கோடு போட்டார். கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது. வழி சரியாக இருந்தது. கூரையை ஒட்டிய மூலையில் கஸ்தூரி ஏணியில் நின்று இரண்டு கையிலும் வேலையாக இருந்தபோது, அவர் ஏணியின்மேல் முதுகைச் சாய்த்து அது நகராதபடி நின்றுகொண்டார்.

கிளிப்பு மாட்டும்போது சண்டை வந்தது.

"அவ்ளோ இறுக்காத" என்றார்.

"இறுக்கலன்னா பழைய பைப்பு மாதிரி தொங்கிரும்ங்க. அந்தம்மா பயந்துபோய் இருக்காங்க."

"சூடு ஏறுனா இந்தப் பைப்பு நீளும். இறுக்கிப் புடிச்சா எங்க போகும்? நடுவுல வளைஞ்சு முட்டிக்கிட்டு நிக்கும்."

அவள் யோசித்தாள். கிளிப்புகளை நெருக்கமாகப் போட்டாள், ஆனால் பைப்பு உள்ளே வழுக்கிப் போகும்படி தளர்வாக விட்டாள். இரண்டு பேரும் சொன்னது அதில் இருந்தது. கனகராஜ் தலையாட்டினார்.

கொதிகலனைப் போட்டார்கள். குழாயைத் திறந்ததும் முதலில் காற்று இருமியது, பிறகு தண்ணீர், பிறகு ஆவி. பச்சைப் பைப்பு கிளிப்புக்குள் லேசாக முனகி நீண்டுகொண்டது. கஸ்தூரி ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் காய்ந்த காகிதத்தால் துடைத்துப் பார்த்தாள். எங்கும் ஈரம் இல்லை.

"நிஷா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார் லியாக்கத் அலி.

பரக்கத் நிஷா கதவருகே நின்றபடியே பார்த்தாள். "நல்லா இருக்கு. ஆனா நான் இன்னிக்குத் தொடமாட்டேன்" என்றாள். "கொஞ்ச நாள் போகட்டும்."

பாய்க்குச் சங்கடமாகப் போய்விட்டது. கஸ்தூரிக்கு அப்படித் தோன்றவில்லை. "சரிக்கா, போகட்டும்" என்றாள். வலி பட்டவள் அவள். எப்போது நம்புவது என்று அவள்தான் முடிவு செய்யவேண்டும். சில வாரங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, பரக்கத் நிஷா அந்தத் தொட்டியிலேயே தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையில் தழும்பு இருந்தது. இரண்டு பேரும் குழாயைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வரிசையில் மற்ற கடைக்காரர்களும் சுடுநீர் வேலைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சில நாள் கனகராஜ் கூட வருவார். வழி போட்டுக் கொடுப்பார். சில நாள், "நீ போய்ட்டு வா" என்று வீட்டில் இருந்துகொள்வார். அப்படி இருக்கும் நாட்களில் அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் பழையபடி உட்கார்ந்திருக்கிறாரோ என்ற கவலை ஏணியில் நிற்கும்போதும் அவளுக்கு இருக்கும். ஆனால் அவர் தேவைப்படாத இடத்தில் தேவைப்படுவதுபோல நடிப்பதை அவள் நிறுத்திவிட்டாள். நடித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். தேவைப்படும் இடத்தில் தயங்காமல் கூப்பிட்டாள்.

செடெனாக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு. சாலையோர மீட்டரிலிருந்து வீடுவரை மண்ணுக்கடியில் பைப்பு ஓடவேண்டும். அதற்குப் பொலி பைப்புதான் சரி. கருப்பு நிறம், நீலக் கோடு, வளையும், நெடுந்தூரத்துக்கு ஒரே துண்டாகப் போவதால் மண்ணுக்குள் இணைப்பே வேண்டாம். ஆனால் சுருளாக வரும் சரக்கு அது. கட்டை அவிழ்த்த நிமிடத்தில் பாம்பு மாதிரிச் சீறி எழும்பும். கஸ்தூரி அதை வெயிலில் போட்டு இளக வைத்தாள். அப்படியும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மறுமுனை சுருண்டுகொண்டு பின்னாலேயே ஓடி வந்தது. இழுத்து இழுத்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏங்க, சும்மா நின்னுட்டு இருக்காம வாங்க இங்க!" என்று கத்தினாள்.

கனகராஜ் தடியை வேனில் சாத்தி வைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து வந்து, புல்லில் கிடந்த முனையின்மேல் தன் முழு எடையோடு உட்கார்ந்தார்.

"ம், இழு" என்றார்.

அவள் மறுமுனையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பைப்பு அவளுக்குப் பின்னால் நேராக நீண்டது.