கறுப்புக் களிம்பு வாங்க வந்தவர்கள்

மருந்துக்கடைக்காரனுக்கு முதலில் வேண்டியது லைசென்ஸ்; அடுத்தது, எதையும் காதில் வாங்காதது போன்ற ஒரு முகம். என்னைப் போலவே கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு இது தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை இருந்தது. இப்போதும் எங்காவது மருந்து வாசனை அடித்தால் மனசு அங்கே ஓடிவிடுகிறது.

டீக்கடையில் ஒரு சார்

அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் குடியிருந்த ஒரு சார், என் கடை காலியாகும்வரை எதிர் டீக்கடையிலேயே நிற்பார். பிறகு வந்து செங்கல்பட்டு தோல் டாக்டரின் சீட்டை நீட்டுவார். சோரியாசிஸுக்குத் தார் கலந்த களிம்பு. சீட்டில் மகள் சுகந்தியின் பெயர், வயது பதினைந்து. யாருக்கும் ஒட்டாது, விடாமல் போட்டால் அடங்கியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். சாருக்குப் பயம் நோயைப் பற்றி அல்ல, ஊர் வாயைப் பற்றி.

"பேப்பர்ல நல்லா சுத்திக் குடுங்க. நாளைக்கு அவளைக் கட்டிக் குடுக்கணும்."

வாசனை

சுகந்தி பள்ளியின் த்ரோபால் டீமில் இருந்தாள். பயிற்சிக்கு முழுக்கைச் சட்டை போட்டுச் சமாளித்துவிடுவாள். மேட்சுக்கு அரைக்கை ஜெர்சி. முழங்கையெல்லாம் செதில் செதிலாக இருக்க, காய்ச்சல் என்று பொய் சொல்லி அந்த வருஷம் மேட்சுக்கே போகவில்லை. ஒருநாள் தனியாக வந்து தார் வாசனை அடிக்காத வேறு களிம்பு கேட்டாள். டாக்டரைக் கேட்காமல் மாற்றக்கூடாது, ராத்திரி போட்டுக் காலையில் குளித்துவிடு என்றேன். அதுவரை காலையில்தான் போட்டுக்கொண்டிருந்தாளாம்.

"காலைல போட்டுட்டுப் போனா, கணக்கு டீச்சர் ஜன்னலைத் திறந்து ரோடு போடுறாங்களான்னு பாக்கறாங்க அங்கிள்."

எல்லம்மா

மீன் விற்கும் எல்லம்மாவின் மகனுக்கும் அதே நோய், அதே களிம்பு. ஒருநாள் சாரும் சுகந்தியும் கடையில் நிற்கும்போது கூடையோடு வந்தாள். தோல் உதிரும் நோய்க்கான கறுப்பு மருந்தைக் கொடு என்று பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். நான் பழக்கதோஷத்தில் பேப்பரில் சுற்றினேன். "இன்னாத்துக்கு பேப்பரு? புள்ளைக்குத் தோலு உரியுது. அவன் இன்னா திருடிகினா வந்தான்?"

சுகந்தி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சாரோ தயங்கித் தயங்கி எல்லம்மாவிடம் ஒரு சந்தேகம் கேட்டார். யாரோ சொன்னார்கள் என்று ஞாயிறுதோறும் மகளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போய்க் கடலில் முக்கிக்கொண்டிருந்தாராம், அதனால் குணமாகுமா என்று.

"கடல்லயே கீறான் சார் என் புள்ள, அவனுக்கே போவல."

முழங்கால்

அடுத்த வருஷ மேட்ச் திருக்கழுக்குன்றத்தில். சாயங்காலம் அப்பாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள் சுகந்தி, அரைக்கை ஜெர்சியில். முழங்கையில் திட்டுகள் அப்படியேதான் இருந்தன. முழங்காலில் சிராய்ப்பு. கடை நிறைய ஆட்கள். சார் அவர்களுக்கு நடுவிலேயே நின்று, பஞ்சும் பிளாஸ்திரியும் அப்படியே அந்தக் கறுப்புக் களிம்பும் கேட்டார், நல்ல சத்தமாக. கையைப் பற்றி யாரும் கேட்கவில்லையா என்று சுகந்தியிடம் கேட்டேன்.

"எதிர் டீம்ல ஒருத்தி கேட்டா அங்கிள். சோரியாசிஸ், ஒட்டாது, நீ மொதல்ல பந்தைப் பிடின்னேன்."

சுகந்திக்கு அது அதற்குப் பிறகும் வருவதும் அடங்குவதுமாகத்தான் இருந்தது. என் கடை மருந்தில் முழுசாகக் குணமானவர் அவள் அப்பா ஒருவர்தான்.