ஜாஹிதா போட்ட சர்வர்

துடியலூரில் இருந்த அந்த பம்ப் கம்பெனியில் ஜாஹிதா டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தாள். ஊர் போத்தனூர். வேலை முடிந்து திரும்பும் வழியில் காந்திபுரத்தில் இறங்கி கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவாள். தொண்ணூற்றெட்டில் கம்பெனிக்கு நெட்வொர்க் வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கூடவே தலைவலியும் வந்தது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனியாக ஒரு எண் வேண்டும், ஐ.பி. முகவரி என்பார்கள். அதைக் கையால்தான் போட்டு வந்தார்கள். யாராவது பக்கத்து மேசையைப் பார்த்து அதே எண்ணைப் போட்டுவிட்டால் இரண்டில் ஒன்று நின்றுபோகும். டிராயிங் செக்‌ஷனில் ஆன் செய்தால் பில்லிங் படுத்துவிடும். பில்லுக்காக லாரி கேட்டில் நிற்கும். ஜாஹிதா ஓடுவாள்.

எல்லாவற்றையும் இணைக்கும் பெரிய கம்ப்யூட்டரான சர்வரே தானாக எண் கொடுக்கும்படி செய்யலாம் என்று மேனேஜர் சென்னியப்பனிடம் சொன்னாள்.

"அதுவும் ரெண்டு பேருக்கு ஒரே நெம்பரக் குடுத்துப்போட்டா?" என்றார் அவர்.

"குடுக்காதுங்க சார். யாருக்கு எதைக் குடுத்தோம்னு அது ஞாபகம் வெச்சுக்கும்."

"சரி, ஞாயித்துக்கெழம செஞ்சு பாருங்க அம்மணி. திங்கக்கெழம லோடு நிக்கக் கூடாது."

ஞாயிறு காலை ஆளில்லாத ஆபீசில் வேலையைத் தொடங்கினாள். எந்த எண்ணிலிருந்து எதுவரை கொடுக்கலாம் என்று சர்வருக்குச் சொன்னாள். பிரிண்டரின் எண் மாறக் கூடாது. அதை மட்டும் ஒதுக்கி வைத்தாள். மேசை மேசையாகப் போய்ப் பழைய எண்களை அழித்தாள். முதல் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். எண் வரவில்லை. கேபிளை மாற்றினாள். அப்போதும் வரவில்லை. பழைய எண்களும் போய்விட்டன.

திரும்ப சர்வர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரையில் எண் வரிசைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பல்பு படம், எரியாமல் இருந்தது. வரிசையை உண்டாக்கியவள் அதை இயக்கவே மறந்திருந்தாள். ஒரு கிளிக். பல்பு மஞ்சளானது. போய்ப் பார்த்தால் முதல் கம்ப்யூட்டரில் எண் வந்து உட்கார்ந்திருந்தது. யாருமில்லாத ஆபீசில் ஜாஹிதா வாய்விட்டுச் சிரித்தாள்.

திங்கட்கிழமை எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றாக ஓடின. மதியம் உடுமலைப்பேட்டை கிளையிலிருந்து மாரப்பன் புது விலைப்பட்டியலை ஏற்றிக்கொள்ளத் தன் கம்ப்யூட்டரை வேனில் கொண்டுவந்தார்.

"என்ன நெம்பருங்க போடறது?"

"ஒண்ணும் போட வேண்டாங்கண்ணா. கேபிளைச் சொருகி ஆன் பண்ணுங்க."

ஆன் செய்தார். எண் தானாக வந்தது; கம்பெனியின் விலைப்பட்டியல் திரையில் விரிந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பன் சொன்னார்: "பம்பு வார்க்கற நம்ம ஃபவுண்டரிக்கும் இதையே போட்டுருங்க அம்மணி. இனிமே கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு நீங்கதான் இன்சார்ஜ்."

மறுநாளே ஜாஹிதா கேபிள் சுருளோடு ஃபவுண்டரிக்குக் கிளம்பினாள்.