காலி நாற்காலிக்கு எதிரே

என் வீட்டுக்காரருக்குப் பாஸ்போர்ட் ஆபீஸில் முப்பது வருஷ உத்தியோகம். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'காது'. போட்டோவில் இரண்டு காதும் தெரியாவிட்டால் மந்திரியே வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் நான் கூப்பிட்டால் மட்டும் அந்தக் காதில் விழாது, அது வேறு கதை.

இத்தனை நாள் எங்களை ஆண்ட நாடு விலகி, ஆட்சி பக்கத்து நாட்டின் கைக்குப் போவதாகத் தேதி குறித்தார்கள். அதற்குள் பதிந்தவர்களுக்குப் பழைய குடியுரிமை நிலைக்கும். கடைசி நாள் ஐந்து மணியோடு சரி. எங்கள் மகள் அந்தப் பழைய நாட்டில்தான் இருக்கிறாள், மாசமாக. பிரசவத்துக்கு இரண்டு பேரும் போய், அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு.

எந்தத் தெருவுக்கு எந்த நாள், எந்தக் கவுண்டர் என்று அட்டவணை போட்டது இவர்தான். ஆறு மாசம் சாப்பாட்டு மேஜை முழுக்க அதுதான்; நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். சொந்தக்காரர் மனுவில் கையெழுத்துப் போடக்கூடாதாம், அதனால் என் மனுவைப் பக்கத்து அதிகாரி பார்த்தார். ஊழியர்களுக்குக் கடைசி நாள், அதுவும் மத்தியானத்துக்கு மேல். "நாம முந்திக்கிட்டா ஜனங்க என்ன பேசுவாங்க?" என்றார்.

அன்று நாலரைக்கு ஆபீஸ் போனேன். ஹாலில் ஈ காக்கா இல்லை. மனு கொடுக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் இவர், கையில் மனுவோடு. எதிரே கவுண்டரில் இவருடைய நாற்காலி காலி. மற்ற மூன்று அதிகாரிகளின் மனுவிலும் கையெழுத்துப் போட்டு, நாலு மணிக் கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று, தன் மனுவை நீட்டாமலே வழியனுப்பிவிட்டாராம். இவர் மனுவைப் பார்க்க ஆள் மிச்சமில்லை.

"ஐயோ! நீங்களே போட்டுத் தொலைங்களேன்!"

"அதெப்படிம்மா? என் மனுவில நானேவா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கெஞ்சினேன், திட்டினேன், பேனாவைக் கையில் திணித்தேன். மனுஷன் அசையவில்லை. ஐந்து அடித்ததும் எழுந்து ஷட்டரை இறக்கிப் பூட்டினார். மறுநாளிலிருந்து நான் ஒரு நாடு, அவர் ஒரு நாடு.

அடுத்த வாரம் அதே கட்டடத்தில் பழைய நாட்டின் தூதரகம் திறந்தது. வெளிநாட்டுக்காரராக விசா வரிசையில் நின்றார். மனைவி நான்தான் ஜாமீன். கவுண்டரில் இருந்த சின்னப் பெண் கேட்டாள்: "இவர் சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறவர்னு உறுதி சொல்றீங்களாம்மா?"

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

"அதனாலதாம்மா இங்க வந்து நிக்கிறோம்," என்றேன்.