லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி

ராபர்ட்சன்பேட்டையில் நானும் என் மனைவியும் ஸ்டுடியோ வைத்திருந்தோம். படம் எடுப்பது நான். பிரிண்டில் விழும் குறைகளைத் தூரிகையால் திருத்துவது அவள். எங்களிடம் உருப்படியான லென்ஸ் ஒன்றுதான். வாய் அகன்றது, இருட்டு மண்டபத்திலும் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். அதன் முன்னால் எப்போதும் ஒரு ஃபில்டரை மாட்டி வைப்பாள் அவள்.

"வெறும் கண்ணாடிதானே, வெளிச்சம் பட்டா பிரதிபலிக்குது" என்பேன்.

"காத்தடிச்சா தங்கம் பிரிச்சிக் கொட்டுன சயனைட் மேட்டு மண்ணு பூரா இங்கதான் வருது. லென்ஸத் தொடச்சித் தொடச்சி கீறல் விழுந்தா இன்னா பண்ணுவீங்க?"

வருஷக்கணக்கில் இதே பேச்சு. அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிய வருடம், கடைசி ஷிஃப்ட் முடித்து மேலே வருபவர்களைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். ஆட்களை மேலே கொண்டுவரும் கேஜிலிருந்து இறங்கியவர்கள் ஷெட்டுக்குள்ளேயே வரிசையாக நின்றார்கள். தொப்பி விளக்குகளை அணைக்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஃபிளாஷ் போடாமல் மூன்று படம் எடுத்தேன். பிறகு விளக்குகளை ஒப்படைக்கப் போய்விட்டார்கள். ஃபில்டரைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிரிண்ட் வந்தபோது மூன்றிலும் பச்சைப் பொட்டுகள். எதிரே எரிந்த விளக்குகள் ஃபில்டரில் பட்டுத் திரும்பி, தலைகீழாகப் படத்தில் விழுந்திருந்தன. பெரும்பாலானவை சட்டையிலும் சுவரிலும் விழுந்ததால் தப்பித்தேன். ஓரத்தில் நின்ற ஒருவருக்கு மட்டும் மூன்று படத்திலும் முகத்திலேயே.

படத்தை வாங்க அவர் மைசூர் மைன்ஸ் குடியிருப்பிலிருந்து நடந்தே வந்திருந்தார். படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், மூஞ்சி மேல எவன் லைட் அடிச்சான்?"

"தப்பு என்னோடதுங்க. ரெண்டு நாள் குடுங்க, சரி பண்ணித் தரோம்."

மனைவி இரண்டு நாள் குனிந்தே உட்கார்ந்து பச்சையை மறைத்தாள். மறைத்த இடத்தில் கன்னத்தையும் ஒரு கண்ணையும் அவளாகத்தான் வரைய வேண்டியிருந்தது. அவர் வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இது யாரு?"

வேறு படம் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"தொப்பியும் இல்ல, லைட்டும் இல்ல. இன்னாத்த எடுப்பீங்க? விடுங்க சார்." பொட்டு விழுந்த படத்தையே வாங்கிக்கொண்டு போனார். மனைவி தூரிகையைக் கழுவி வைத்தாள்.

அன்றே ஃபில்டரைக் கழற்றினேன். அவள் தடுக்கவில்லை. சில மாதங்கள் படங்கள் தெளிவாக வந்தன. பிறகு காற்றுக் காலம் தொடங்கியது. ஒரு கல்யாணத்துக்கு நடுவே அவசரமாக லென்ஸைத் துடைத்தேன். மறுநாள் பார்த்தால் வளைந்து ஓடியது ஒரு கீறல். விளக்கு எதிரே வந்தாலே படம் மங்கியது.

பெங்களூரில் காட்டலாம் என்று லென்ஸைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காலை ரயிலில் கிளம்பினேன். பங்காருபேட்டையில் கூட்டம் நெருக்கியது. செக்யூரிட்டி உடுப்பில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பொட்டு விழுந்த படத்தை வாங்கிப்போன அவர்தான். தினமும் இதே ரயிலாம், திரும்ப ராத்திரியாகுமாம்.

"பொட்டிய இறுக்கிப் புடிச்சிட்டுக் கீறீங்களே, இன்னா சார்?"

"லென்ஸுல கீறல் விழுந்திடிச்சி. உங்க படத்துல பொட்டு விழ வச்சது லென்ஸு முன்னால இருந்த கண்ணாடி. அதக் கழட்டிட்டேன், அதான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மாட்டுனாலும் தொல்ல, கழட்டுனாலும் தொல்லயா?" என்றார். பிறகு நகர்ந்து இடம்விட்டு, "குந்துங்க சார், தூரம் போவணும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.