காலைச் சாப்பாடும் என் நாக்கும்

காலையில் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஒரு ஆடுதான் ஞாபகத்துக்கு வரும். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் மிளகுக் கிடங்கு வாசலில் படுத்துக் கிடக்கும் கறுப்பு ஆடு. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. ஆறு வருஷம் என் காலைச் சாப்பாட்டை அதுதான் சாப்பிட்டது. நன்றாகக் கொழுத்தும் இருந்தது.

என் வேலை மிளகு பார்ப்பது. மலையிலிருந்து வரும் மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழும் மணிகளைத் தேய்த்து மோந்து பார்த்து, இரண்டை வாயில் போட்டுக் கடிப்பேன். பூசணம் பிடித்ததா, பழைய சரக்கு கலந்திருக்கிறதா, காரம் நிற்குமா என்று நாக்கு சொல்லிவிடும். நான் தலையாட்டினால் மூட்டை உள்ளே போகும். இல்லாவிட்டால் வந்த லாரியிலேயே திரும்பும். இந்த வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காலைச் சரக்கைப் பார்த்து முடிக்கும்வரை வாயில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் படக்கூடாது. இருபத்தைந்து வயதிலிருந்து நான் அப்படித்தான். பதினொன்றரைக்கு மேல்தான் சாயாவோ கப்பைக்கிழங்கோ.

ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்து, போட்ட அரை மணிக்குள் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்றார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன், சாப்பாட்டை விட்டுவிட்டேன். வைத்தியத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்ட மகா புத்திசாலி நான். போதாததற்கு வாட்ஸ்அப்பில் ஒரு நாள் காலைச் சாப்பாடு அமிர்தம் என்று வரும், மறுநாள் அதே ஆள் காலைப் பட்டினிதான் அமிர்தம் என்று அனுப்புவார். இரண்டாவதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மனைவியிடம் பட்டினி என்று சொல்ல முடியுமா? கிடங்கில் போய்ச் சாப்பிடுகிறேன் என்றேன். பாவம், அவள் ஐந்து மணிக்கே எழுந்து மூன்று இட்லியை வாழையிலையில் கட்டிப் பையில் வைப்பாள். எங்கள் வீட்டில் இட்லி என்றால் மிளகாய்ப்பொடி. அவள் வறுத்து இடிக்கிற பொடி நாக்கில் பட்டால் மத்தியானம்வரை வேறு ருசியே தெரியாது. அதை வைத்துக்கொண்டு நான் மிளகு பார்க்கிறதா? கட்டைக்கூடப் பிரிக்காமல் அப்படியே ஆட்டிடம் போடுவேன். அது இலையோடு தின்றுவிடும்.

சாயங்காலம் கேட்பாள்: "இட்லி எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்" என்பேன். பிசகான சரக்கென்றால் முழு லாரியையும் திருப்பி அனுப்புகிறவன், கூசாமல் அதைச் சொன்னேன்.

பத்து மணிக்கு மேல் என் பக்கம் யாரும் வரமாட்டார்கள். கை லேசாக நடுங்கும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவேன். "சேட்டன் இப்ப கடிக்கும், தள்ளி நில்லு" என்று மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். அது என் குணம் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாசிக்குச் சற்று முன்னால் டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார். மாசியில் ஒரு நாள் வயநாட்டு லாரி சீக்கிரமே வந்துவிட்டது. ஆட்டுக்கு இட்லி போடக்கூட நேரமில்லை. பத்து மணிவாக்கில் ஒரு மூட்டையைக் குத்தி இரண்டு மணியைக் கடித்தேன். ஒன்றுமில்லை. இன்னும் நாலு கடித்தேன். காரமும் இல்லை, கசப்பும் இல்லை, உதடு என்னுடையது மாதிரியே இல்லை. சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. உடம்புக்கு ஏதோ ஆகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாக்கு போச்சு, பிழைப்பு போச்சு என்றுதான் தோன்றியது. முதலாளி ஏற்கனவே ஈரம் பார்க்கிற மெஷின் வாங்கி வைத்திருந்தார். "அதுக்கு நாக்கு இருக்கா?" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

பயம் கோபமாக வந்தது. சரக்கு கொண்டுவந்த தோட்டக்காரரைப் பார்த்து, "இது மிளகா, பப்பாளி விதையா?" என்று கத்தினேன். அந்த மனுஷர் முகம் செத்துப்போனது. அதற்குள் என் கால் மடங்கிவிட்டது.

"எந்தா சேட்டா! இரி, இரி" என்று ஒரு சுமட்டுக்காரர் என்னைத் தாங்கி மூட்டைமேல் உட்கார்த்தினார். சர்க்கரை அள்ளிப் போட்ட சாயாவை வாயில் புகட்டினார்கள். யாரோ என் வீட்டுக்குப் போன் போட்டார்கள். கால் மணி நேரத்தில் வேர்வை அடங்கியது. பிடிவாதமாக அதே மிளகில் ஒன்றைக் கடித்தேன். அப்பா! காதுவரை எரிந்தது. வாயெல்லாம் சாயா, சர்க்கரை, ஆனாலும் நாக்கு தெளிவாகச் சொன்னது, முதல் தரம் என்று. வெட்கமில்லாமல் அழுதேன். தோட்டக்காரரின் கையைப் பிடித்து, "நல்ல சரக்கு, மன்னிச்சிடுங்க" என்றேன். சர்க்கரை ரொம்ப இறங்கினால் உதடும் நாக்கும் மரத்துப்போகும் என்று அன்று சாயங்காலம் டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. நான் பட்டினி போட்டுக் காப்பாற்றிய நாக்கைப் பட்டினியே கொல்லப் பார்த்திருக்கிறது.

போன் கிடைத்ததும் ஈரத்தலையோடு என் மனைவி ஆட்டோவில் கிடங்குக்கே வந்து இறங்கினாள். "காலைல சாப்பிட்டீங்கல்ல? சாப்பிட்டுமா மயக்கம் வரும்?"

"இன்னைக்கு மட்டும் நேரம் கிடைக்கலை" என்றேன். அப்போதும் பொய்.

அவள் என் பையிலிருந்து கட்டை எடுத்து மூட்டைமேல் வைத்துப் பிரித்தாள். வெள்ளை வெளேரென்று மூன்று இட்லி, மேலே தேங்காயெண்ணெய் மினுமினுப்பு. அவ்வளவுதான்.

"பொடி எங்கே?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பொடியா? நான் என்னைக்குப் பொடி வச்சேன்? உங்க நாக்குக்கு ஆகாதுன்னு முதல் நாள்லேருந்தே எண்ணெய் மட்டும்தானே தடவித் தர்றேன்."

அந்த நேரம் பார்த்து ஆடு வந்து, முன்னங்காலைத் தூக்கி மூட்டைமேல் வைத்து, இலைப் பக்கம் கழுத்தை நீட்டியது. சாயா கொடுத்த சுமட்டுக்காரர் ஒன்றும் அறியாமல் சிரித்தார். "ஆட்டுக்கு இன்னைக்கு லேட் ஆயி, அல்லே?"

அவள் ஆட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு இட்லியைப் பிட்டு என் கையில் வைத்தாள். சாப்பிட்டேன்.

"எப்படி இருக்கு?" தினமும் சாயங்காலம் கேட்கிற அதே குரல்.

"உப்பு கம்மி" என்றேன்.

"ஆறு வருஷமாவா?"

"தெரியாது" என்றேன்.