ஒரிஜினல் யார் கையில்?

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது கப்பலுக்குப் போனவர்கள். அப்பாவும் தலை நரைக்கும்வரை போனவர்தான். அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லீவில் வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டையும் கப்பல் வேலைக்கான சி.டி.சி. புத்தகத்தையும் ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் பாதி வேலை கிடைத்த மாதிரி. போன் வரும்வரை நிம்மதியாகக் கேரம் ஆடலாம்.

நான் நர்ஸ். தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் இருந்தேன். வெளிநாடு போவது என்று முடிவானதும், எந்த ஏஜென்சி என்பதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்பா கேட்கவில்லை. பழைய துறைமுகம் பக்கம் தெரிந்த ஆள் இருக்கிறார், கப்பலுக்கும் அனுப்புகிறார், ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறார் என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த ஆள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பேச்செல்லாம் அப்பாவிடம்தான்.

"மஸ்கட்டோ துபாயோ, அனுப்பி விட்டுருவோம் அண்ணாச்சி. ஒரிஜினல இங்கன வச்சிட்டுப் போங்க."

நான் வாய் திறப்பதற்குள் அப்பா என் பாஸ்போர்ட், டிகிரி, நர்சிங் கவுன்சில் சான்று எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அதுவும் சிரித்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன்.

"ஏதாவது ஒண்ணு அமையும்மா."

"எந்த வார்டு? ஐ.சி.யூ.வா?"

"அங்க போனா அவங்களே சொல்லுவாங்க."

"அங்க ஒரு பிரச்சினைன்னா நான் யாரைக் கூப்பிடணும்?"

அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை ரொம்பக் கேள்வி கேக்குது அண்ணாச்சி."

ஒரு நோயாளிக்கு ஊசி போடுவதற்கு முன்பே நாங்கள் எத்தனை கேள்வி கேட்போம்! என் வாழ்க்கைக்கு நான் கேட்டது அவருக்கு அதிகமாகப் போய்விட்டது. எழுந்து, மேசையில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பையில் போட்டேன்.

"ஏளா, என்ன பண்ணுத? மனுசன் என்ன நெனைப்பாரு?" என்றார் அப்பா.

"என்ன வேணா நெனைக்கட்டும். இத இங்கன விட்டுட்டுப் போனா வேற எங்கயும் என்னால வேலை தேட முடியாது."

அதன் பிறகு கொஞ்ச நாள் அப்பாவுக்கும் எனக்கும் அம்மா வழியாகத்தான் பேச்சு. "அவளுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு" என்பார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன்.

நானும் விடவில்லை. எனக்கு முன்னால் வெளிநாடு போன நர்ஸ் அக்காக்களைக் கூப்பிட்டு, சொன்ன வார்டையே கொடுத்தார்களா என்று விசாரித்தேன். அவர்கள் சொன்ன ஏஜென்சிகளுக்கெல்லாம் போன் போட்டேன். எந்த மருத்துவமனை என்று நான் கேட்டதும் சிலர் போனை வைத்தார்கள். சென்னை ஏஜென்சி ஒன்றில் இருந்த பெண் மட்டும் என்னைக் கேள்வி கேட்டார். வென்டிலேட்டரில் இருப்பவரை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்றார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். அயர்லாந்தில் எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று சொன்னார். ஒப்பந்தத்தை முன்கூட்டியே படிக்கத் தருவதாகவும், இப்போதைக்கு நகல் போதும் என்றும் சொன்னார். ஆங்கிலப் பரீட்சை பாஸாகாமல் ஒன்றும் நடக்காது, அவசரம் என்றால் வேறு இடம் பாருங்கள் என்றும் சொன்னார். அதில்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

கடைசியாக அவரோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் இருந்த அப்பா வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நான் அவ அப்பாம்மா. கப்பல்ல இருந்தவன். எங்கம்மா செத்தப்போ ஊருக்குப் போணும்னு அழுதேன். பாஸ்போர்ட்டு அடுத்தவன் கையில. விடல. எம்மவளுக்கு வரணும்னு தோணுனா யாருகிட்ட கேக்கணும்?"

அப்பா அழுதார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"யாருகிட்டயும் கேக்க வேண்டாம் சார். பாஸ்போர்ட் அவங்க கையிலதான் இருக்கும். டிக்கெட் எடுத்துட்டு வந்துரலாம்" என்றார் அந்தப் பெண்.

அப்பா என் பக்கம் திரும்பி, "இவங்க மூலமாவே போளா" என்றார்.