தங்கத்தாய் டீச்சரான நாடகம்

இசபெல் டீச்சரைச் சிவகாசியில் பாதிப் பேர் பைத்தியம் என்பார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. கனவுக்காரி என்றுதான் சொல்வேன். நாசரேத் பக்கத்திலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் எங்கள் பள்ளிக்கு வேலைக்கு வந்தவர். நான் தையல் டீச்சர். ஒரே வீட்டில் குடியிருந்தோம். அடுப்பில் உலையை வைத்துவிட்டு வேப்பம்பூ உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எத்தனை நாள் தீய்ந்த சோறு தின்றேன் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு உக்கிரபாண்டி பட்டாசுக் கம்பெனியில் மத்தாப்பு மருந்து கலக்குகிறவர். அவர் மகள் தங்கத்தாய்க்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடம் பார்க்காமல் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். இசபெல் அவளைச் சாயங்காலந்தோறும் எதிரே உட்கார வைத்துக்கொண்டார். உதட்டைப் பார்க்க வைத்து, தன் தொண்டையில் அவள் கையை வைத்து, சைகையும் கலந்து சொல்லிக்கொடுப்பார். இருவரும் தண்ணீருக்குள் இருந்து பேசிக்கொள்வதுபோல இருக்கும். இரண்டு வருஷத்தில் பிள்ளை எழுதினாள். நாலைந்து சொல்லைக் கரகரத்த குரலில் சொல்லவும் செய்தாள்.

அதற்குமேல் சொல்லிக்கொடுக்க இசபெலுக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்து, விடுதியில் விட வேண்டும் என்றார். உக்கிரபாண்டி கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்.

“வீட்டுல அவ மூஞ்சியப் பாத்தே நாங்க கண்டுக்கிடுவோம், டீச்சர். அங்கன ஒரு வயித்து வலின்னா யாருகிட்டப் போயிச் சொல்லுவா?”

பாசத்தோடு யார் மல்லுக்கட்டுவது? இசபெல் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போட்டார். காது கேளாத பிள்ளைக்குப் பாடம் சொல்லும் கதை. அதில் டீச்சர் தங்கத்தாய், பிள்ளை இசபெல்! முப்பது வயசுப் பொம்பளை ரெட்டைச் சடையோடு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேடை வெளிச்சத்துக்கு மத்தாப்புக் கொளுத்த உக்கிரபாண்டியையே வரச் சொன்னார். மகள் என்ன செய்கிறாள் என்று அப்போதாவது பார்ப்பாரே என்ற எண்ணம்.

அந்தி மங்கும் நேரம். பச்சைப் புகை மேடையில் மெல்லப் பரவியது. அதற்குள்ளிருந்து என் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு தங்கத்தாய் வந்தாள். பேச்சே இல்லை. அவள் விரல்கள் இசபெலின் கன்னத்தைத் தொட்டு, வாயைத் தொட்டு, காற்றில் மீன் வரைந்தன, மழை வரைந்தன. வாய் ஓயாத எங்கள் ஊர்ச் சனம் மூச்சுக் காட்டாமல் இருந்தது. எனக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு சுகம்.

பச்சை போய்ச் சிவப்பு வந்தது. பின்னால் தொங்கிய படுதாவின் ஓரத்தில் பொன்னிறமாய் ஒரு வெளிச்சம் மேலே ஏறியது. ஊரே கைதட்டியது. பிறந்ததிலிருந்து மத்தாப்புப் பார்க்கிற சனமல்லவா, கம்பெனி புது அயிட்டம் விட்டிருக்கிறது என்று நினைத்தோம். நானும் தட்டினேன். உக்கிரபாண்டி குனிந்து அடுத்த மத்தாப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இசபெல் படுதாவுக்கு முதுகைக் காட்டி, நாடகத்துக்காகக் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

தங்கத்தாய் மட்டும் பார்த்துவிட்டாள். மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் மாலையோடு இருந்த விருதுநகர் விருந்தாளி செல்வநாயகத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவரை அவள் அதற்குமுன் பார்த்ததே கிடையாது. படுதாவைக் காட்டி, விரல்களை நெளித்து, “தீ” என்றாள். தீ அணைக்கப் பக்கத்தில் வைத்திருந்த மண் வாளியையும் காட்டினாள். மனிதர் மாலையோடு ஓடிப் படுதாவை இழுத்துக் கீழே தள்ளி மண்ணைக் கொட்டினார். துணி பாதி போயிற்று. யாருக்கும் ஒன்றும் இல்லை.

இசபெல் முகம் செத்துப்போயிற்று. இதற்குப் பிறகு எந்தத் தகப்பன் பிள்ளையை வெளியூர் அனுப்புவான் என்று என் காதில் சொன்னார். அதற்குள் உக்கிரபாண்டி கரி அப்பிய கையோடு வந்து நின்றார்.

“நான் இங்கனதான நின்னேன். என்கிட்ட வரலையே டீச்சர். யாருன்னே தெரியாத மனுசர்கிட்டப் போயிச் சொல்லிட்டாளே.”

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பெருமையும் இருந்தது, வருத்தமும் இருந்தது. மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டுதான் மீதியைச் சொன்னார்.

“எங்கன சொல்லுதீகளோ அங்கன கூட்டிட்டுப் போங்க. போறதுக்குள்ள அந்தக் கைப் பேச்சை எங்களுக்கும் சொல்லிக் குடுத்துருங்க. லீவுக்கு வந்தா நாங்க அவகூடப் பேசணும்லா.”